செயற்கைக்கோளுக்கு ‘எர்த்’ கிடையாது: விண்வெளிப் பிளாஸ்மாவைக் கணக்கில் எடுத்து வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தில் மின்கசிவு ஏற்பட்டால், அந்த மின்னோட்டம் எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போய்விடுகிறது. செயற்கைக்கோளுக்கு மண் கிடையாது. அதன் மேல் வந்து விழும் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஈடாக வேறு ஏதாவது ஒரு மின்னூட்டம் வந்தாக வேண்டும், அல்லது அந்த எலக்ட்ரான் வெளியேற வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், இந்தக் கணக்கு சமமாகும் வரை செயற்கைக்கோளின் (இனி சுருக்கமாகக் ‘கோள்’) மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அது அரை வோல்ட்டிலும் நிற்கலாம், 10,000 வோல்ட்டையும் தாண்டலாம். எங்கே நிற்கும் என்பதைச் சுற்றியுள்ள பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்து கிடக்கும் வாயு, முடிவு செய்கிறது.

சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் சிறு செயற்கைக்கோள் வேலையில் இறங்கும் மாணவர்கள் வெப்பம், அதிர்வு, கதிர்வீச்சு மூன்றையும் பட்டியலில் சேர்க்கிறார்கள். பிளாஸ்மா பெரும்பாலும் விட்டுப்போகிறது. ‘விண்வெளி வெற்றிடம்தானே’ என்ற எண்ணம்தான் காரணம். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்தால், உங்கள் கோளுக்கு எது ஆபத்து, எதற்குக் கவலை வேண்டாம் என்பது வடிவமைப்பு மேசையிலேயே தெரிந்துவிடும். கால்குலேட்டர் போதும்.

படி 1: உங்கள் சுற்றுப்பாதையின் பிளாஸ்மா எது?

இரண்டே எண்கள் வேண்டும். ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலக்ட்ரான்கள், அவற்றின் வெப்பநிலை எத்தனை எலக்ட்ரான்வோல்ட். (1 எலக்ட்ரான்வோல்ட் என்பது ஏறத்தாழ 11,600 கெல்வின்.)

சிங்கப்பூரின் செயற்கைக்கோள்களை எடுத்துக்கொண்டாலே பிளாஸ்மாவின் மூன்று வகையும் கிடைத்துவிடும். 2015 டிசம்பரில் ஏவப்பட்ட டெலியோஸ்-1, நிலநடுக்கோட்டுக்கு 15 பாகை சாய்வில், 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்ற அனுப்பப்பட்டது. 2023 ஜூலையில் ஏவப்பட்ட டிஎஸ்-சார் 535 கிலோமீட்டர் உயரம், 5 பாகை சாய்வு. இந்த உயரத்தில் பிளாஸ்மா அடர்த்தியானது, குளிர்ந்தது: கன சென்டிமீட்டருக்கு 100,000 முதல் ஒரு மில்லியன் எலக்ட்ரான்கள், வெப்பநிலை 0.1 முதல் 0.2 எலக்ட்ரான்வோல்ட்.

2011 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற எக்ஸ்-சாட் துருவப் பாதையில், சுமார் 820 கிலோமீட்டரில் சுற்றியது. அங்கும் பெரும்பாலான நேரம் குளிர்ந்த பிளாஸ்மாதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் துருவ ஒளி வளையத்தைக் கடக்கும் சில நிமிடங்களில், பல ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் மேலிருந்து கொட்டும்.

மூன்றாவது, கிழக்கு 88 பாகையில் நிற்கும் எஸ்டி-2 போன்ற புவிநிலைக் கோள்கள். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரே ஓர் எலக்ட்ரான்தான். ஆனால் காந்தப் புயல் நேரத்தில் அதன் வெப்பநிலை 10,000 எலக்ட்ரான்வோல்ட் வரை போகும்.

தாழ்ந்த பாதைக்கு ‘பன்னாட்டு மேற்கோள் அயனிமண்டல’ மாதிரியை இணையத்தில் இலவசமாக ஓட்டலாம். ஐரோப்பிய விண்வெளி முகவையின் ‘ஸ்பென்விஸ்’ தளத்திலும் இந்த வசதி உண்டு. ஒரு எச்சரிக்கை: அந்த மாதிரி தருவது சராசரி. நிலநடுக்கோட்டுப் பகுதியில், குறிப்பாக மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், சூரியன் மறைந்தபின் அயனிமண்டலத்தில் பிளாஸ்மா குமிழிகள் எழும்பும். குமிழிக்குள் அடர்த்தி பத்து மடங்கும் குறையலாம், ஆயிரம் மடங்கும் குறையலாம். நம் தலைக்கு மேல் இரவு 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை நடக்கும் விஷயம் இது. ஜிபிஎஸ் சமிக்ஞை துடித்து, நில அளவையாளர்களின் கருவி நிலைகொள்ளாமல் தவிப்பதும் இதனால்தான். நிலநடுக்கோட்டுக் கோள் இந்தக் குமிழிகளை ஊடுருவிச் செல்லும். ஆகவே அடர்த்திக்கு ஒரே எண்ணை வைக்காதீர்கள். 1,000, 100,000, ஒரு மில்லியன் என மூன்றுக்கும் கணக்குப் போடுங்கள்.

படி 2: டெபாய் நீளம்

பிளாஸ்மாவுக்குள் ஒரு மின்னேறிய பொருளை வைத்தால், எதிர் மின்னூட்டங்கள் அதைச் சுற்றிக் கூடி அதன் புலத்தை மறைத்துவிடும். எவ்வளவு தூரத்தில் மறைக்கும் என்பதே டெபாய் நீளம். வெப்பநிலையை (எலக்ட்ரான்வோல்ட்டில்) அடர்த்தியால் (கன சென்டிமீட்டருக்கு) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 7.43-ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில் வரும்.

டிஎஸ்-சார் பாதையில் 0.1 எலக்ட்ரான்வோல்ட், அடர்த்தி 100,000 என்றால் விடை 7 மில்லிமீட்டர் சொச்சம். புவிநிலைப் பாதையில் 10,000 எலக்ட்ரான்வோல்ட், அடர்த்தி 1 என்றால் 743 மீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் கோளின் அளவோடு ஒப்பிடுங்கள். தாழ்ந்த பாதையில் கோளின் தோலை ஒட்டி ஒரு விரல் தடிமனுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சூரியத் தகட்டின் ஒரு மூலையில் நடப்பது மறுமூலைக்குத் தெரியாது. புவிநிலையிலோ ஐந்து மீட்டர் கோள் டெபாய் நீளத்தோடு ஒப்பிட்டால் ஒரு தூசு. எலக்ட்ரான்கள் எல்லாத் திசையிலிருந்தும் எல்லா முகங்களுக்கும் வந்து சேரும். ஒரு முகத்தின் மின்னழுத்தம் பக்கத்து முகத்தின் எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்தும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் மென்பொருளைத் திறப்பவர்கள் கணக்கு வலையை எந்த அளவில் பின்னுவது என்று தெரியாமல் நாட்களை இழக்கிறார்கள்.

இதே கேள்வியை நிலாவிடம் கேளுங்கள்

கோளுக்குப் போடும் கணக்கையே கிரகங்களுக்கும் நிலாக்களுக்கும் போடலாம். சூரியக் காற்றில் கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்கள், வெப்பநிலை 10 எலக்ட்ரான்வோல்ட். டெபாய் நீளம் 10 மீட்டர் அளவில் வரும். நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். ஆக நிலா ஒரு சுவர். நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்று அதன் பகல் பக்கத்தில் மோதி மண்ணில் புதைகிறது. பின்பக்கத்தில் பிளாஸ்மா இல்லாத ஒரு நிழல் வால் நீள்கிறது. சந்திரயான்-1 இன்னொன்றையும் காட்டியது: மோதும் புரோட்டான்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை மண்ணில் எலக்ட்ரானைப் பெற்று, மின்னூட்டமற்ற ஹைட்ரஜனாகத் திரும்பித் தெறிக்கின்றன. அதுவரை மண் ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்றே கருதப்பட்டது.

பகலில் சூரிய ஒளி நிலாமண்ணிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதால் தரை சில வோல்ட் நேர்மின்னாக இருக்கும். இரவுப் பக்கம் எதிர்மின்னாகி நூறு வோல்ட்டைத் தாண்டும். சூரியத் துகள் புயலின்போது ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்குப் போனதை லூனார் பிராஸ்பெக்டர் விண்கலத்தின் அளவீடுகள் காட்டின. 2023 ஆகஸ்டில் இறங்கிய சந்திரயான்-3, தரையருகே கன சென்டிமீட்டருக்கு 5 முதல் 30 எலக்ட்ரான்கள் என்று அளந்தது. நிலாவில் இறங்கும் எந்தக் கருவிக்கும் இதுதான் தொடக்க எண்.

மற்ற உடல்களுக்கு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சொந்தக் காந்தப்புலம் உண்டா, காற்றுமண்டலம் உண்டா? புவிக்கு இரண்டும் உண்டு. அதன் காந்தக்கோளம் சூரியக் காற்றைப் பத்துப் புவி ஆரத் தொலைவிலேயே நிறுத்திவிடுகிறது. செவ்வாய்க்கு இப்போது உலகளாவிய காந்தப்புலம் இல்லை, காற்று உண்டு. அதனால் சூரியக் காற்று அதன் மேல்மண்டலத்தை நேரடியாக உரசி, நொடிக்குச் சுமார் 100 கிராம் வீதம் வாயுவைக் கொண்டுபோகிறது என்று மேவன் விண்கலம் அளந்தது. வியாழனின் நிலா அயோவில் நிலைமை தலைகீழ். அதன் எரிமலைகள் கக்கும் வாயுவிலிருந்து நொடிக்கு ஒரு டன் அளவில் பொருள் வெளியேறி வியாழனின் பிளாஸ்மாவுக்கே உணவாகிறது. அயோவைக் கடந்து ஓடும் அந்தப் பிளாஸ்மா, மில்லியன் ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை வியாழன் வரை இழுத்துச் செல்கிறது. உடல் பெரிதானாலும் சிறிதானாலும் கேள்வி ஒன்றே: வரும் மின்னோட்டம் எவ்வளவு, போகும் மின்னோட்டம் எவ்வளவு?

படி 3: மின்னோட்டக் கணக்கு

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். அவசரப்படாமல் செய்யுங்கள்.

10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கியூப்சாட்டை எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டுத் தாழ்பாதை, அடர்த்தி 100,000, வெப்பநிலை 0.1 எலக்ட்ரான்வோல்ட். எலக்ட்ரான்களின் சராசரி வேகம் நொடிக்கு 210 கிலோமீட்டர். கோளின் வேகம் 7.5 கிலோமீட்டர்தான். அதனால் எலக்ட்ரானுக்கு முன், பின், பக்கம் என்ற வேறுபாடே கிடையாது. ஆறு முகங்களிலும் வந்து விழும். ஒரு சதுர மீட்டருக்கு 0.84 மில்லிஆம்பியர். ஆறு முகங்களின் பரப்பு 0.06 சதுர மீட்டர், ஆக 50 மைக்ரோஆம்பியர்.

ஆக்ஸிஜன் அயனியின் சொந்த வேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவு, கோளைவிட மிக மெதுவானது. மழையில் ஓடும் பேருந்தின் முன்கண்ணாடி மட்டும் நனைவது போல, அயனிகள் முன்முகத்தில் மட்டுமே படும். சதுர மீட்டருக்கு 0.12 மில்லிஆம்பியர், முன்முகம் 0.01 சதுர மீட்டர், ஆக 1.2 மைக்ரோஆம்பியர்.

50 வருகிறது, ஈடுகட்ட 1.2 மட்டுமே இருக்கிறது. எனவே கோள் எதிர்மின்னாகி, எலக்ட்ரான்களை 42-இல் ஒன்று மட்டும் உள்ளே வரும் அளவுக்குத் தள்ளிவிடும். 42-இன் இயல் மடக்கை 3.7. அதை 0.1 எலக்ட்ரான்வோல்ட்டால் பெருக்கினால் 0.37 வோல்ட். அவ்வளவுதான். சூரிய ஒளி பிய்த்தெடுக்கும் எலக்ட்ரான்களோ சதுர மீட்டருக்கு 20 முதல் 40 மைக்ரோஆம்பியர். இந்தச் சிறு முகத்துக்கு 0.3 மைக்ரோஆம்பியர் அளவில் வரும். முடிவை அது பெரிதாக மாற்றாது.

இப்போது இதே கணக்கைப் புவிநிலையில் போடுங்கள். எலக்ட்ரான் மின்னோட்டம் சதுர மீட்டருக்கு 2.7 மைக்ரோஆம்பியர்தான், தாழ்பாதையைவிட 300 மடங்கு குறைவு. வெயிலில் சூரிய ஒளி தரும் 20-40 மைக்ரோஆம்பியர் இதை எளிதாக வென்றுவிடும். கோள் சில வோல்ட் நேர்மின்னில் நிம்மதியாக இருக்கும். ஆனால் புவியின் நிழலுக்குள் நுழைந்த கணமே அந்த ஈடு மறைகிறது. அயனிகள் கனமானவை, எலக்ட்ரான் மின்னோட்டத்தில் நாற்பதில் ஒரு பங்கு அளவே கொண்டுவரும். எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் எலக்ட்ரான்வோல்ட்டில் இருப்பதால் கோளின் மின்னழுத்தமும் அந்த அளவுக்கே ஓடும். ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் நிழலில் எதிர் 19,000 வோல்ட் வரை போனது பதிவில் இருக்கிறது.

மின்னோட்டம் பெரிதாக இருக்கும் இடத்தில் அழுத்தம் சிறிது, மின்னோட்டம் துளியாக இருக்கும் இடத்தில் அழுத்தம் மலையளவு. இது புதியவர்களைக் குழப்பும். அழுத்தத்தை நிர்ணயிப்பது வந்து விழும் துகளின் ஆற்றல், எண்ணிக்கை அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

துருவப் பாதைக்காரர்கள் இரண்டையும் கலந்து போட வேண்டும். இருட்டில், சுற்றுப்புற அடர்த்தி 10,000-க்குக் கீழே இறங்கிய இடத்தில், துருவ ஒளி எலக்ட்ரான்கள் பலமாகக் கொட்டினால் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும். மூன்று நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். அமைவது அரிதுதான், ஆனால் அமையும்.

படி 4: ஆபத்து எத்தனை வேகத்தில் வரும்?

கோள் முழுதும் ஒரே அழுத்தத்தில் 10,000 வோல்ட் இருந்தால்கூட உள்ளிருக்கும் மின்சுற்றுக்குத் தெரியாது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான். காயப்படுத்துவது பாகத்துக்குப் பாகம் ஏற்படும் வேறுபாடு.

இரண்டுக்கும் ஆகும் நேரத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆரமுள்ள கோளின் மின்தேக்குத்திறன் 111 பிக்கோஃபேரட். புவிநிலையில் அதன் மொத்தப் பரப்பில் 34 மைக்ரோஆம்பியர் விழுந்தால் 10,000 வோல்ட் ஏற ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும். ஆனால் அதன்மேல் ஒட்டிய 50 மைக்ரோமீட்டர் கேப்டான் (வெப்பம் தாங்கும் காப்புப் பிளாஸ்டிக்) படலம், சதுர மீட்டருக்கு 0.6 மைக்ரோஃபேரட். அடித்தளத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையே நொடிக்கு 4.5 வோல்ட்தான் ஏறும். 1,000 வோல்ட்டுக்கு நான்கு நிமிடம் ஆகும். வந்து மோதும் எலக்ட்ரான்கள் தட்டிவிடும் இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள் வெளியேறுவதால் நடைமுறையில் இன்னும் மெதுவாகும்.

ஆகவே நிழலுக்குள் நுழைந்த உடனே எதுவும் வெடிக்காது. சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரத்துக்குள், படலத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே பொறி பறக்கும். ஒரு சதுர மீட்டர் கேப்டான் 1,000 வோல்ட்டில் சேமிக்கும் ஆற்றல் 0.3 ஜூல். அது மைக்ரோநொடிகளில் வெளிப்பட்டு, பக்கத்துக் கம்பிகளில் போலிக் கட்டளையாக நுழைகிறது. நினைவகம் புரள்கிறது, கட்டுப்பாட்டுக் கணினி மறுதொடக்கம் ஆகிறது.

படி 5: சூரியத் தகடு

தாழ்பாதையில் வெளியிலிருந்து வரும் அழுத்தம் சிறிது என்று பார்த்தோம். அங்கே ஆபத்தை நாமே ஏற்றிக்கொண்டு போகிறோம். சூரியத் தகட்டின் எதிர்முனையைச் சட்டகத்தோடு இணைத்தால், நேர்முனையில் வெளியே தெரியும் இணைப்புப் பட்டைகள் எலக்ட்ரானைத் தாராளமாக இழுக்கும். அயனிகள் குறைவு என்பதால் கணக்கைச் சரிசெய்ய, தகட்டின் பெரும்பகுதி எதிர்மின்னாக மிதக்க வேண்டியிருக்கும். 100 வோல்ட் தகடு என்றால் சட்டகம் எதிர் 90 வோல்ட்டில் போய் நிற்கும். தகட்டு அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சட்டகத்தில் என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் தகடுகள் 160 வோல்ட். சட்டகம் எதிர் 140 வோல்ட் வரை போகக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அதன் வெளித்தோல் அனோடைஸ் செய்த அலுமினியம். அந்த மெல்லிய ஆக்ஸைடு அடுக்கு ஒரு மின்தேக்கி போல நின்று, உடைந்தால் பொறி பறக்கும். வெளியே நடக்கும் விண்வெளி வீரருக்கே ஆபத்து. அதனால்தான் செனான் வாயுவை அயனியாக்கி எலக்ட்ரானை வெளியே கொட்டும் கருவிகளை நிலையத்தில் பொருத்தினார்கள்.

கியூப்சாட்டுக்கு 5 முதல் 20 வோல்ட் தகடு போதும், அந்த அளவில் பிளாஸ்மா தொல்லை இல்லை. தகட்டழுத்தம் 50 வோல்ட்டைத் தாண்டினால் இந்தப் படி கட்டாயம். 100-200 வோல்ட் எதிர்மின்னில், கண்ணாடி மூடி, உலோகம், வெற்றிடம் மூன்றும் சேரும் விளிம்பில் பொறி தொடங்கும். நேர்மின்னில் 100-200 வோல்ட்டைத் தாண்டினால் வேறொரு தொல்லை: பட்டையைச் சுற்றியுள்ள காப்புப்பொருளும் எலக்ட்ரானை வாங்க ஆரம்பித்து, மின்னிழப்பு திடீரென்று எகிறும்.

சின்னப் பொறி தகட்டைக் கொல்லாது. அது அணையாமல் தகட்டின் சொந்த மின்சாரத்தையே தின்று எரிய ஆரம்பித்தால்தான் முடிவு. 1997-இல் டெம்போ-2 செயற்கைக்கோள் தகடுகளின் ஒரு பகுதியை இழந்தது இப்படித்தான். தடுக்கும் வழி செல்களின் அடுக்குமுறையில் இருக்கிறது. வரிசையை வளைத்து வளைத்து அமைக்கும்போது, முதல் செல்லும் கடைசிச் செல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடக் கூடாது. அப்படி வந்தால் முழுத் தகட்டழுத்தமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். இடைவெளியைச் சிலிகோன் பசையால் நிரப்புங்கள், ஒவ்வொரு வரிசைக்கும் டயோடு போடுங்கள்.

மின்னுந்தி பொருத்துபவர்களுக்கு ஒரு சொல்: ஹால் உந்தியின் கேத்தோடு எலக்ட்ரானைக் கொட்டுவதால், உந்தி எரியும்போது கோளின் அழுத்தத்தை அதுதான் நிர்ணயிக்கும். உந்தி நின்றதும் அழுத்தம் துள்ளும். பிளாஸ்மாவின் அடர்த்தியையும் வெப்பநிலையையும் அளக்கும் லாங்மியர் ஆய்வுமுனை வைத்திருந்தால் அந்த நேரத்து அளவீட்டைத் தனியாகக் குறியிடுங்கள். முனையைக் கோளின் பின்புற நிழல் வாலில் வைக்கவே வேண்டாம், அங்கே அயனிகள் இல்லை.

படி 6: எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுங்கள்

கோளில் எர்த் என்றால் மண் அல்ல, எல்லா உலோகமும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பது. சொல்ல எளிது. தவறுகள் கைவேலையில்தான் வருகின்றன.

கியூப்சாட்டின் விளிம்புச் சட்டங்கள் (‘ரெயில்’) கடின அனோடைஸ் செய்யப்பட்டவை. அது காப்புப்பொருள். திருகு இறுக்கமாக இருப்பதால் மின்தொடர்பும் இருக்கும் என்று நம்பாதீர்கள். திருகு உட்காரும் வட்டத்தை அனோடைஸ் செய்வதற்கு முன்பே மறைத்துவைத்து, அந்த இடத்துக்குக் கடத்தும் குரோமேட் பூச்சு கொடுங்கள். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் எதிரெதிர் பக்கத் தகடுகளில் வைத்துப் பாருங்கள். ஓமில் ஒரு சிறு பகுதிதான் காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் பிரித்துத் திருத்துங்கள்.

விரியும் தகட்டின் கீலில் மசகு இருக்கும். அது மின்பாதை அல்ல. கீலைத் தாண்டி ஒரு பின்னல் கம்பி போடுங்கள். கம்பியை விரிந்த நிலையில் மட்டும் அளக்காமல், மடித்தும் விரித்தும் பலமுறை அளந்து பாருங்கள்.

வெப்பக் காப்புப் போர்வையில் ஒவ்வோர் அடுக்கும் தனி உலோகத் தாள். அதன் ஒட்டுநாடாவின் பசை மின்சாரம் கடத்தாது. எல்லா அடுக்குகளையும் துளைத்துச் செல்லும் உலோகப் பொத்தானைக் குறைந்தது இரண்டு இடங்களில் வைத்துச் சட்டகத்துக்குக் கம்பி இழுக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். ஜப்பானின் அடியோஸ்-2 செயற்கைக்கோள் 2003 அக்டோபரில் செயலிழந்தது. மின்கம்பிக் கட்டைச் சுற்றியிருந்த, எர்த் செய்யப்படாத போர்வை துருவ ஒளியில் மின்னேறிப் பொறி பறந்ததே காரணமாக இருக்கலாம் என விசாரணை முடிவு செய்தது. இரண்டு துண்டுக் கம்பிகள் செய்திருக்கக்கூடிய வேலை அது.

புவிநிலைக்குப் போகும் கோளில் வெளிப்புறப் படலம் கார்பன் கலந்த கருப்புக் கேப்டானாகவோ, இண்டியம்-டின் ஆக்ஸைடு பூசியதாகவோ இருக்கட்டும். பூச்சு மட்டும் போதாது, அதன் விளிம்பிலிருந்தும் சட்டகத்துக்குத் தொடர்பு வேண்டும்.

உள்ளேயும் ஒரு வேலை உண்டு. கதிர்வீச்சு வளையத்தின் மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் சட்டகத்தைத் துளைத்து, சுற்றுப்பலகைக்குள்ளும் கம்பி உறைக்குள்ளும் புதையும். பத்து மணி நேரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 10 பில்லியன் எலக்ட்ரான்கள் சேர்ந்தால் பொறி எதிர்பார்க்கலாம் என்பது தொழிலில் புழங்கும் அளவு. பயன்படாத இணைப்பு முனைகள், மிதக்கும் செம்புத் துண்டுகள், சிப்பின் மேல்மூடி எல்லாவற்றையும் ஒரு மின்தடை வழியே தரையிணைப்புக்குக் கொண்டுவாருங்கள். 100 மெகாஓம்கூடப் போதும்: 10 பிக்கோஆம்பியர் அதில் எழுப்பும் அழுத்தம் ஒரு மில்லிவோல்ட். நிலநடுக்கோட்டுத் தாழ்பாதையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. புவிநிலையில் இதைத் தவிர்க்கவே முடியாது.

படி 7: சோதனை, அதில் சிங்கப்பூர் ஈரப்பதம்

இந்த ஊரில் கார்க் கதவைத் தொட்டால் ‘சுரீர்’ என்று அடிக்கும் அனுபவம் பெரும்பாலானோருக்குக் கிடையாது. காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்பதால், பரப்புகளில் சேரும் மின்னூட்டம் தானாக வடிந்துவிடுகிறது. அதே ஈரம்தான் அளவீட்டைக் கெடுக்கிறது. கேப்டான் தன் எடையில் 2 விழுக்காட்டுக்கும் மேல் நீரை உறிஞ்சும். அறையில் வைத்து மின்தடைத்திறனை அளந்தால் நல்ல எண் வரும். விண்வெளியில் சில வாரங்களில் அந்த நீர் போய்விடும், மின்தடை எகிறும்.

மாதிரித் துண்டை வெற்றிட அறையில் 60 பாகை செல்சியஸில் இரண்டு நாள் சுட்டு, அறையைத் திறக்காமலேயே அளக்க வேண்டும். சாதாரண இரு மின்வாய் முறையும் போதாது. எலக்ட்ரான் துப்பாக்கியால் பரப்பை மின்னேற்றி, தொடாத ஆய்வுமுனையால் அழுத்தம் வடிவதை நாட்கணக்கில் கவனிப்பதே சரியான முறை. தகவல் தாளில் உள்ள எண்ணை நம்பினால் கேப்டானின் மின்னூட்டம் எட்டு மணி நேரத்தில் வடியும் என்று கணக்கு வரும். உண்மையில் அது மாதக்கணக்கில் தங்கலாம். குளிரில் இன்னும் நீளும், ஆகவே கோளின் நிழல் பக்க வெப்பநிலையிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

தகட்டுச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 11221 வழிமுறை இருக்கிறது. சுருக்கமாக: செல் துண்டைப் பிளாஸ்மா மூலத்துக்கு எதிரே வைத்து, எதிர் 50 வோல்ட்டில் தொடங்கி 25 வோல்ட் படிகளில் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். அறை விளக்கை அணைத்துக் கேமராவை ஓடவிடுங்கள். பொறி எந்த விளிம்பில் தெரிகிறது என்பது மின்னோட்ட அளவியைவிட நிறையச் சொல்லும். முதல் சில மணி நேரம் நீராவி வெளியேறுவதால் பொறிகள் அதிகமாக வரும். அதைப் பார்த்துப் பயந்து வடிவத்தை மாற்ற வேண்டாம், ஆனால் வெற்றிட அறையின் வாயு அழுத்தமானி காட்டும் எண்ணோடு சேர்த்துக் குறித்துவையுங்கள்.

படி 8: பறக்கவிட்ட பின்

புவிநிலைக் கோளை இயக்குபவர்களுக்கு ஒரு கடிகாரக் கணக்கு. காந்தக்கோளத்தின் வாலிலிருந்து சூடான எலக்ட்ரான்கள் நள்ளிரவுப் பக்கமாக உள்ளே பாய்ந்து, கிழக்கு நோக்கி விடியல் பக்கம் நகர்கின்றன. அதனால் கோளின் உள்ளூர் நேரப்படி நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கோளாறுகள் குவியும். எஸ்டி-2 நிற்கும் கிழக்கு 88 பாகையில் உள்ளூர் நள்ளிரவு என்பது சிங்கப்பூர் நேரம் அதிகாலை 2.08. ஆக 2.08 முதல் 8.08 வரை கவனமான நேரம். மார்ச், செப்டம்பர் சமநாட்களை ஒட்டி ஒவ்வொரு முறையும் ஆறு வாரங்களுக்கு, இந்த 2.08-ஐ நடுவாக வைத்து அதிகபட்சம் 70 நிமிடம் நிழலும் சேரும். அந்த வாரங்களில் மென்பொருள் மாற்றம், உந்தி இயக்கம் போன்றவற்றை மதியத்துக்குத் தள்ளிவையுங்கள்.

புவியின் காந்தப்புலக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை காட்டும் கேபி எண் 6-க்கு மேல் போனால் பரப்பு மின்னேற்றத்துக்குத் தயாராகுங்கள். அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் அளக்கும் 2 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களின் எச்சரிக்கை வந்தால் உட்புற மின்னேற்றத்துக்கு. இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. இரண்டாவது வழக்கமாகப் புயலுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும், அதனால் ‘புயல் ஓய்ந்துவிட்டது’ என்று கண்காணிப்பைத் தளர்த்த வேண்டாம்.

ஒவ்வொரு மறுதொடக்கத்தையும், பொய் அளவீட்டையும், காரணம் தெரியாத சிறு துள்ளலையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள்: உலக நேரம், கோளின் உள்ளூர் நேரம், நிழலா வெயிலா, நிழலுக்குள் நுழைந்து எத்தனை நிமிடம், அன்றைய கேபி, முந்திய மூன்று நாள் எலக்ட்ரான் அளவு, உந்தி எரிந்ததா. தாழ்பாதைக் கோளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென் அட்லாண்டிக் பகுதியில் குவியும் கோளாறு பெரும்பாலும் புரோட்டான் கதிர்வீச்சின் வேலை, பிளாஸ்மாவின் வேலை அல்ல. இந்தப் பட்டியலில் முப்பது வரி சேர்ந்ததும், உள்ளூர் நேரத்தைக் கடிகார முகப்பில் புள்ளிகளாகக் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே கூடினால் படி 6-க்குத் திரும்பி, எந்தப் பாகத்தின் தரையிணைப்பு விட்டுப்போனது என்று தேடத் தொடங்குங்கள்.